தாய்மீன் தோண்டிய குழி

மீன் எண்ணுவதற்குக் கண்ணைக் காட்டிலும் பொறுமைதான் வேண்டும், ஐயா. அமெரிக்காவில், சன்னிவேலில் பணி ஓய்வு பெற்றபின், மழைக்காலச் சனிக்கிழமைகளில் ஓடைக்கரையில் நின்று, முட்டையிடக் கடலிலிருந்து திரும்பும் சால்மன்களை எண்ணி வருகிறேன். நெடுஞ்சாலைப் பாலத்துக்கும் கடைகளின் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே ஓடும் நீர் அது.

நான்கு ஆண்டுகள் தாளில் சுழியத்தையே எழுதினேன். இந்த டிசம்பரில் ஒரே ஒரு தாய்மீன், ஆண்மீன் ஒன்றோடு வந்தது. வாலால் சரளைக்கல்லைப் பறித்துக் குழி செய்து, முட்டையிட்டு மூடி, சில நாளில் இறந்தது. தொண்டர்களுக்கு விதி ஒன்றுதான்: அந்தச் சரளையை மிதிக்கலாகாது. ஓர் அடிக்கு நூறு உயிர் நசுங்கும். எல்லா உயிரிலும் இறைவன் உறைகிறான் என்று நாள்தோறும் ஓதுகிறவனுக்கு இது புதிய விதியன்று.

என்னோடு எண்ண வந்தவர் செல்வராஜ், மென்பொருள் பொறியாளர். நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இராது. "என்ன சார், மீனுக்கும் பிரசவத் தீட்டு பாக்கறீங்களா?" என்பார்.

அன்று நீர் ஏறிக்கொண்டிருந்தது. குழிக்கு அப்பால் மூழ்கிக் கிடந்த கடைத் தள்ளுவண்டியை இழுத்துப்போட, பாறை பாறையாகத் தாவிப் போனார். வண்டிக் கம்பிக்குள் கால் சிக்கி விழுந்தார். அதற்குள் பாறைகள் மூழ்கிவிட்டன. எங்களுக்கிடையே ஆறடிச் சரளை.

"சார், லெக் மாட்டிக்கிச்சு. கொஞ்சம் கை குடுங்க."

"நடுவுல முட்டை இருக்கு, செல்வராஜ்."

"முட்டையா முக்கியம் இப்போ? தண்ணி ஏறுது சார். 911 கால் பண்ணுங்க."

கைப்பேசி சட்டைப்பையில் இருந்தது; அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வருகிறவர்கள் கனத்த காலணிகளோடு அதே சரளையில்தானே இறங்குவார்கள்? கைகட்டி நிற்பதன்றி எனக்கு வேறு வழி இருந்ததா, நீங்களே சொல்லுங்கள்.

அவருக்காகப் பதிகம் ஒன்றைத் தொடங்கினேன். நீர் அவர் மார்புக்கு வந்தது. "சார், என் பொண்ணுக்கு நாலு வயசு சார்" என்றார். எட்டாம் பாட்டில் அவர் குரல் அடங்கிற்று. கடைக்காப்போடு சேர்த்து மீதி மூன்றையும் முடித்தபின்னரே கைப்பேசியை எடுத்தேன். பதிகத்தை இடையில் விடுவது முறையன்று. வந்தவர்களிடம் குழியைக் காட்டினேன். இனி அவசரமில்லை என்று கண்டதும் கீழ்ப்புறமாகச் சுற்றி இறங்கினார்கள்.

மறுநாள் வெள்ளம் அந்தப் படுகையையே வாரிக்கொண்டு போயிற்று, ஒரு முட்டையும் மிஞ்சவில்லை என்கிறீர்கள். அதற்கு நான் என்ன செய்ய, ஐயா? நான் காவல் நின்றவரையில் ஓர் உயிரும் போகவில்லை.