ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த உப்பு

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதியபடியே சரி. வயது ஐம்பத்து மூன்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். என்மேல் இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. என் மனைவி தொடுத்தவை எல்லாம் வீட்டோடு தீர்ந்துவிட்டன.

கடைத்தெருவில் என்னைப் ‘பொடியெழுத்து’ என்று கேட்டால்தான் தெரியும். கண் சோதிக்க வருபவர்களிடம் எழுத்து அட்டைக்குப் பதிலாக பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது என் வழக்கம். அதைவிடச் சின்ன எழுத்து உலகத்தில் இல்லை. அப்படி நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, பொருள்பட்டியலில் முதலில் நிற்கும் பொருள்தான் எடையில் அதிகம் என்பதும், அடுப்படியில் இல்லாத பெயர்கள் நீள நீள அது சமையலிலிருந்து விலகித் தொழிற்சாலைக்குப் போகிறது என்பதும் எனக்குப் பாடமாயின. அதன்பிறகு கல்யாண வீடு, சாவு வீடு பாராமல் எல்லோருக்கும் இதையே ஓதினேன். என்னைக் கண்டதும் மளிகைப் பையை முதுகுக்குப் பின்னால் மறைப்பவர்கள் உண்டு.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுது. வாரந்தோறும் ரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அவளுடைய தம்பி, பேருந்து ஓட்டுநர், தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக ஒப்புக்கொண்டு சோதனைகளும் முடிந்துவிட்டன. உப்பைக் குறைக்கவும், பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடும் என்பதால் அதை அறவே தவிர்க்கவும் சொல்லியிருந்தார்கள். அவள் வாழைப்பழத்தைத் தொடவில்லை. உருளைக்கிழங்கைக்கூட வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, சக்கையைத் தின்றாள்.

அவள் முகம் சுளித்துச் சாப்பிடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், என்மேல் புகார் கொடுத்திருக்கும் பல்பொருள் அங்காடியில் ஒரு சூப் பொடி வாங்கினேன். முன்பக்கத்தில் ‘உப்பு பாதிக்கும் குறைவு’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பின்பக்கத்தில் பொருள்பட்டியலின் மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் பின்பக்கம் ஓதுகிற நான் அதை உரித்துப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியதை முன்பக்கமே சொல்லிவிட்டது. அதன்பிறகு பொடியை ஜாடியில் கொட்டிவிட்டு, தினமும் மாலையில் ஒரு குவளை போட்டுக் கொடுத்தேன். அவள் குவளையின் அடிவரை விரலால் வழித்துச் சாப்பிட்டாள்.

அதன்பிறகு ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அடுத்த சோதனையில் இன்னும் ஏறி, நேற்று நெஞ்சு படபடத்து மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்று காலை டாக்டர், பத்தியம் காக்காதவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தாலும் நிலைக்காது என்றும், மதியம் கூடும் மாற்று அறுவைக் குழுவில் அவள் பெயரைத் தள்ளிவைக்கச் சொல்லப்போவதாகவும் கூறினார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மச்சான் குனிந்து, “அக்கா, வாழைப்பழம் தின்னியா இல்லையா, என்கிட்ட மட்டும் சொல்லு” என்று கேட்டான்.

“நீ தரப்போற கிட்னி மேல சத்தியமாத் திங்கலடா” என்றாள்.

ஆய்வாளர் ஐயா சிரிக்கிறார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. நானும் அவளை நம்பவில்லை. அவளைச் சோதனைக்கு அழைத்துப் போன நேரத்தில் தலையணை உறைக்குள் கையை விட்டுத் தேடினேன். சீப்பு மட்டும் இருந்தது.

அதன்பிறகு உணவு ஆலோசகர் அம்மா வந்து, வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். சூப் பொடி, ஆனால் உப்பு குறைவானது என்று பெருமையாகவே சொன்னேன்.

“உப்பக் குறைச்சுட்டு அதே ருசி வேணும்னா, பதிலுக்கு ஒண்ணு போட்டாகணுமே. என்ன போட்டிருக்கான்?” என்றார்.

வீட்டில் ஜாடிதான் இருந்தது, பாக்கெட் இல்லை. குழு கூடுமுன் கொண்டுவரச் சொன்னார். ஓடினேன்.

அங்காடியில் அதே பொடியை எடுத்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அச்சும் சேர்ந்து உரிந்து வந்தது. அடுத்த பாக்கெட்டும் அப்படியே. எச்சில் தொட்டும் பார்த்தேன். குறைந்த விலை தேடி ஸ்டிக்கர் கிழிக்கிறேன் என்று மேற்பார்வையாளர் நினைத்ததில் தவறில்லை. அதன்பிறகு இன்னொன்றை அங்கிருந்த காபி இயந்திரத்தின் ஆவியில் பிடித்தபோது விரல் வெந்தது, ஸ்டிக்கர் முழுதாகக் கழன்றது. ஆனால் எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. கண்ணாடி விற்பவன் தன் கண்ணாடியை மனைவியின் கட்டிலில் விட்டுவிட்டு வந்திருந்தேன். கைக்குழந்தையோடு காபிக்கு நின்ற ஒரு பெண்ணிடம் நீட்டி, வாசிக்கும்படி கெஞ்சினேன். சோள மாவு, சர்க்கரை என்று படித்தவர், மூன்றாவதாகப் பொட்டாசியம் குளோரைடு என்றார். அதற்குப் பின்னும் ஏதேதோ படித்தார். எனக்குக் காதில் விழவில்லை.

அதன்பிறகு பணம் கொடுக்காமல் வெளியே ஓடியதும், தடுத்த காவலாளியைத் தள்ளியதும், அவர் பிஸ்கட் டின் அடுக்கின்மேல் விழுந்ததும் உண்மை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் சட்டைப் பை அவர் கையில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, இது விஷமல்ல, சாதாரண உப்புக்குப் பதிலாகப் போடுகிற இன்னொரு உப்பு, சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு உதவக்கூடியதுதான், இவருக்குத்தான் ஆகாது என்றார். நான்தான் கொடுத்தேன் என்று மனைவியின் முன்னால் சொன்னேன்.

அவள் திரும்பிப் பார்த்து, “தெரிஞ்சிருந்தா நாலு வாழைப்பழமாவது தின்னிருப்பேன்” என்றாள்.

டாக்டர் பாக்கெட்டோடு குழு அறைக்குள் போனார். கதவு மூடிய நேரத்தில் காவலர்கள் வந்து என்னை அழைத்து வந்துவிட்டார்கள். முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது. அந்தப் பாக்கெட்டை வழக்குப் பொருளாகக் கைப்பற்ற வேண்டும் என்கிறார்கள். கைப்பற்றுங்கள், அந்தக் கதவு திறந்த பிறகு கைப்பற்றுங்கள். மேசை இழுப்பறையில் இருக்கும் என் கைப்பேசி நான் பேசத் தொடங்கியதிலிருந்து அதிர்ந்துகொண்டே இருக்கிறது. என் மச்சானாக இருக்கும். அதை யாராவது எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் எடுக்கக்கூடாது என்றால் ஐயாவே எடுத்துக் கேட்டுச் சொன்னாலும் போதும்.

இதுவரை சொன்னது யாருடைய மிரட்டலும் இல்லாமல் நானாகச் சொன்னது, அத்தனையும் உண்மை. படித்துப் பார்த்துக் கையெழுத்திடச் சொன்னார்கள். கண்ணாடி இன்னும் மனைவியின் கட்டிலிலேயே கிடப்பதால் எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். தாளின் பின்பக்கத்தையும் திருப்பித் தடவிப் பார்த்தேன். எதையும் ஒட்டி மறைக்கவில்லை என்று நம்பி, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)