மண் கேட்காததை இடாதவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தோட்டக் குழுத் தலைவர் முத்துசாமி அவர்களே, துணைவியாரை இழந்து நிற்கும் கந்தப்பு ஐயா அவர்களே, மார்சிலிங் வட்டாரத்தின் இந்த அடுக்குமாடிப் புளோக்குக் கீழ்த்தளத்தில் திரண்டிருக்கும் அண்டைவீட்டாரே!

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை, நம் சமூகத் தோட்டத்தின் மண் பொறுப்பாளர், திருமதி மனோரஞ்சிதம் அம்மையார் மறைந்துவிட்டார். அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்வது இத்தகைய கூட்டங்களின் மரபு. சோதித்துப் பார்க்காத எதையும் சொல்ல அம்மையார் விடமாட்டார். ஆகவே அதைத் தவிர்க்கிறேன்.

அன்பர்களே! ஒரு மூட்டையை இலவசமாகக் கொடுத்தார்கள் என்பது அதை மண்ணில் கொட்டக் காரணமாகுமா? நம் குழுவில் ஆகும். தோட்டப் போட்டிக்கு முந்தைய நாள் செயலாளர் வசீகரன் சுண்ணாம்பு மூட்டையோடு வந்தார்.

"அம்மா, நாளைக்கு ஜட்ஜ் வர்றாங்க லா. ஒரு பிடி தூவுனா என்ன?"

"மண்ணிட்டக் கேட்டனீரோ, தம்பி? காய்ச்சலோ எண்டு பாக்காமலே நீர் மாத்திரை விழுங்குவீரோ?"

அம்மையார் வேண்டாம் என்றார். குழு வேண்டும் என்றது. ஒரு பிடி, ஒரு மூட்டையாயிற்று. நம் தோட்டம் இடித்த கட்டடத்தின் சிமெண்டுச் சல்லிமேல் கிடக்கிறது. அந்த மண்ணில் ஏற்கெனவே காரம் அதிகம். சுண்ணாம்பு அதை இன்னும் ஏற்றியது. மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை. கறிவேப்பிலை மரங்கள் வெளுத்து மஞ்சளாயின. ஐந்தில் ஒன்றுதான் பிழைத்தது. நடுவர்களோ இலை வெளுக்குமுன், மூட்டை கொட்டிய மறுநாளே வந்து, வெள்ளைத் தூள் தூய்மையாக இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சான்றிதழ் இன்னும் தொங்குகிறது.

அம்மையார் சுண்ணாம்புக்குப் பகைவரா? இல்லவே இல்லை! சுவா சூ காங் வட்டாரத் தோட்டத்தார் சூம்பிப்போன வெண்டைச் செடியோடு வந்தபோது, அவர்களுடைய செம்மண்ணைச் சோதித்தார். கடும் புளிப்பு. "உங்களுக்குச் சுண்ணாம்பு வேணும். விதைக்கிறதுக்குச் சில கிழமைக்கு முன்னமே கலந்துவிடுங்கோ. உரத்தோட சேத்துக் கொட்டாதேங்கோ," என்றார். அங்கே வெண்டை காய்த்தது. நம் களிமண்ணை இளக்க மணல் கொட்டலாம் என்று தலைவர் சொன்னபோது மட்டும், "செங்கல் சூளை வைக்கப் போறீங்களோ?" என்று கேட்டார். இலைமட்கு போட்டார். மண் இளகியது. தலைவர் இளகச் சற்று நாளானது.

கடைசி வாரம் மருத்துவமனையில் கட்டிலருகே நானும் நின்றேன். கந்தப்பு ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மை அந்தக் கறிவேப்பிலைக்குக் கீழதான் வைப்பன்," என்றார்.

"இஞ்சேருங்கோ, என்ர சாம்பலும் காரம்தான். உப்பும் கிடக்கு. மிஞ்சின ஒண்டையும் கொல்லப் போறீங்களோ?"

"ஒரு பிடிதானே, மனோ."

"ஒரு பிடியெண்டுதான் வசீகரனும் சொன்னவர்."

ஐயா வெளியே போய் வராந்தாவில் நின்று அழுதார். இறக்கும்போதாவது மனிதர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மையார் போனபின் ஐயா குழுவிடம் அதையே மீண்டும் கேட்டார். மாடியிலிருந்து பார்த்தால் அந்த மரம் தெரியும். அவ்வளவுதான் அவர் கேட்டது. குழு நேற்று ஏகமனதாக ஒப்புக்கொண்டது. பெயர்க்கல்லுக்கும் இடம் பார்த்தாயிற்று. மண்ணை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இன்று காலை ஐயா தனியாக இறங்கி வந்தார். அம்மையாரின் சோதனைக் குப்பியில் மரத்தடி மண்ணை இட்டு, நீர் ஊற்றி, காரம் காட்டும் சோதனைச் சொட்டு விட்டுக் குலுக்கினார். நீர் நீலமாகத் தெளிந்தது. காரம் இன்னும் இறங்கவில்லை. குப்பியை வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்திருந்தார். பிறகு கழுவி, பெட்டியில் வைத்து, "வேண்டாமாம்," என்று அங்கே நின்ற என்னிடம் சொன்னார்.

அன்பர்களே! அம்மையாரின் பணியை நாம் தொடர்வோம்! எப்படி? அவர் நினைவாக வந்திருக்கும் சுண்ணாம்பு மூட்டைகளைத் திறக்காமல் திருப்பி அனுப்புவோம். அந்த மரத்தடிக்கு இலைமட்கைத் தவிர எதையும் இடமாட்டோம். மண் கேட்கும்வரை சும்மா இருப்போம். இந்தக் குழுவுக்கு இதைவிடக் கடினமான உறுதிமொழி கிடையாது.

கந்தப்பு ஐயா நாளைக் காலை சாம்பலோடு படகில் போகிறார். கடலில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அங்கே அம்மையார் ஆட்சேபம் சொல்லமாட்டார் என்று நம்புகிறோம். சோதித்துப் பார்க்கவில்லை.