பலகையில் யார் பெயர்

— பேனாவ மூடி வைடா தம்பி.

— நாளைக்கு அந்த ஓட்டல் கம்பெனி ஆளு ஒப்பந்தத்துக்கு வந்து நிப்பாரு அக்கா. கடை ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. உன் கையெழுத்து இல்லாம நடக்காது.

— வரட்டும். உட்கார வெச்சு சாப்பாடு போட்டு அனுப்பு.

— வெளையாடாத. எழுபது கிளை வெச்சிருக்காங்க. பலகைய அவங்க பேருக்கு மாத்தணும், அவங்க அனுப்புறத சூடு பண்ணிக் குடுக்கணும். விளம்பரம், சாமான் எல்லாம் அவங்க பொறுப்பு.

— பாக்கெட்ட வெட்டி வெந்நீர்ல போட நான் எதுக்கு? கத்தரிக்கோல் போதுமே.

— வேணாம்னா தெருமுனையில அவங்களே திறப்பாங்க. நாம ஈ ஓட்ட வேண்டியதுதான்.

— அதுக்கு முன்னாடி நாம திறப்போம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒண்ணு, ஆஸ்பத்திரி பக்கம் ஒண்ணு. வேற யாராவது கேட்டா நம்ம பேர்ல நடத்தச் சொல்லுவோம்.

— ஆசைக்கு ஒரு அளவு வேணாமா? மூணு அடுப்புல நீ ஒருத்தி எப்படி நிப்ப?

— நான் ஏன் நிக்கணும்? ஆள் வெச்சு சமைப்போம்.

— அங்கதான் இடிக்குது. இங்க வர்றவன் உன் கைப்பக்குவத்துக்கு வர்றான். நீ கல்யாணத்துக்குப் போன அன்னிக்கு நான் சூப்பு வெச்சேனே, பாதிப் பேரு பாதியில எழுந்து போயிட்டாங்க.

— நல்லவேளை, எழுந்து நடக்கத் தெம்பு இருந்துச்சு.

— சிரி, சிரி. நீ நாக்குல ஒரு சொட்டு விட்டு, கண்ண மூடி, ஒரு சிட்டிக உப்பு போடுவ. அத எவனுக்குக் கத்துக்குடுப்ப? கைய வெட்டியா குடுப்ப?

— இன்னிக்கு மதியம் சூப்பு எப்படி இருந்துச்சு?

— எப்பவும் போல அமிர்தம். பேச்ச மாத்தாத.

— மாத்தல. அலமாரியில, தட்டுக்குப் பின்னாடி ஒரு நோட்டு இருக்கும். எடு.

— என்ன இது... உப்பு நாப்பத்திரெண்டு கிராம், மிளகு பதினொண்ணு, நாலு நிமிஷம் கொதி... பக்கம் பக்கமா அடிச்சு அடிச்சு எழுதியிருக்க. யாருக்கு இது?

— எனக்குத்தான். போன மழையில காய்ச்சல் வந்து படுத்தேனே, அதோட நாக்கு செத்துப்போச்சு. உப்பு, உறைப்பு ஒண்ணும் தெரியல. கை பழக்கத்துல அள்ளினத எல்லாம் தராசுல போட்டு எழுதிக்கிட்டேன். சாப்பிடுறவங்க முகத்தப் பாத்து அடிச்சுத் திருத்தினேன்.

— அக்கா... அப்போ அந்தச் சொட்டு?

— அது உங்க திருப்திக்கு. எட்டு மாசமா நீங்க எல்லாரும் சாப்பிடுறது என் கைப்பக்குவம் இல்லடா, இந்த நோட்டு.