மகன் பெயரில் பதிவான என் மூச்சு

வாக்குமூலம் அளிப்பவர்: லெட்சுமணன் த/பெ முத்தையா. வயது 73. மலேசியக் குடிமகன். ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். முகவரி: எண் 17, ஜாலான் மெலாத்தி 4, தாமான் செரி மெலாத்தி, கோத்தா திங்கி, ஜொகூர்.

பதிவு செய்தவர்: சார்ஜன் ராஜசேகரன், போலீஸ் போக்குவரத்துப் பிரிவு. நாள்: 22.8.2024, வியாழக்கிழமை, காலை 10.15. வாக்குமூலம் அளித்த மொழி: தமிழ்.

நான் மேற்கண்ட பெயரும் முகவரியும் உடையவன். முப்பத்தோர் ஆண்டுகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வுபெற்றேன். என் மீதே குற்றம் வரக்கூடிய கேள்விகளுக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை என்று சார்ஜன் எனக்குச் சொன்னார். அந்த வாக்கியத்தை நானே பலருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். இருந்தும் அதை இன்னொரு முறை சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். புரிந்துகொண்டு, என் சொந்த விருப்பத்தில் பேசுகிறேன்.

கடந்த 19.8.2024 திங்கட்கிழமை காலை சுமார் 6.20 மணிக்கு, கோத்தா திங்கியிலிருந்து பாசிர் கூடாங்கிற்கு முதல் ஷிப்ட் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ஃபேக்டரி பஸ், சிவப்பு விளக்கில் நின்றிருந்த லாரியின் பின்புறம் மோதியது. பஸ்ஸை ஓட்டியவர் என் ஒரே மகன் சுகுமாறன், வயது 44. பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் போலீஸில் சொல்லியிருக்கிறான். விபத்துக்கு இரண்டு நாள் முன்பு அந்தப் பஸ்ஸின் பிரேக்கைப் பழுதுபார்த்த மெக்கானிக் குணாளன், வயது 46, அதன்பின் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். நான் சொல்ல வந்தது அது பற்றியதே. அது முறையாக விளங்க வேண்டுமானால் மே மாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை (தேதி நினைவில்லை, இரண்டாவது ஞாயிறாக இருக்கலாம்) மகனும் மருமகள் தேன்மொழியும் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நான் தனியாக வசிக்கிறேன். என் மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சாப்பாட்டுக்குப் பின் தேன்மொழி தன் கைப்பேசியை என் காதருகே வைத்தார். முதலில் பலத்த குறட்டை கேட்டது. அதன்பின் எதுவும் கேட்கவில்லை. கைப்பேசி நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"நிக்கல மாமா. அவரு மூச்சுதான் நின்னுருக்கு. இருங்க, இப்ப வரும்."

சற்று நேரத்தில், தண்ணீரில் மூழ்கியவர் மேலே வந்து காற்றை இழுப்பது போன்ற சத்தம் வந்தது.

மகன் சிரித்தான். "குறட்ட விடாத டிரைவர எங்கயாச்சும் பாத்திருக்கீங்களாப்பா? இவளுக்கு நல்ல போன் வாங்கிக் குடுத்தேன் பாருங்க, என் தப்பு லா."

"சிரிங்க. சோத்துத் தட்டுலயே தல சாயுது. பசாருக்குக் காய்கறி வாங்கப் போனா செவப்பு லைட்டுல தூங்குறாரு மாமா, நான் தொடையக் கிள்ளித்தான் எழுப்புறேன்."

"அது நீ பேசுற பேச்சுக்கு வர்ற தூக்கம்."

நானும் சிரித்தேன். அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதன்பின் ஜூன் முதல் வாரத்தில் பஸ் கம்பெனியின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை நடந்தது. என் மகனின் கழுத்துப் பருமனையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்த டாக்டர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் இருக்கலாம் என்று சந்தேகித்து, ஒரு தனியார் கிளினிக்கில் தூக்கப் பரிசோதனை செய்துவரும்படி எழுதிக் கொடுத்தார். கருவியை வீட்டுக்கே கொண்டுபோய் ஓர் இரவு அணிந்து தூங்கி, மறுநாள் திருப்பித் தர வேண்டும்.

11.6.2024 செவ்வாய்க்கிழமை மாலை சுமார் 5 மணிக்கு மகன் அந்தக் கருவியோடு என் வீட்டுக்குத் தனியாக வந்தான். தனக்கு நோய் என்று எழுதிவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடவிடமாட்டார்கள், பஸ் கழுவத்தான் விடுவார்கள் என்றான். அதன்பின், "நீங்க ஒரு ராத்திரி போட்டுக்குங்கப்பா. ஒல்லியா இருக்கீங்க, ஒன்பதரைக்குப் படுத்தா காலையில எந்திரிக்கிறீங்க. உங்க தூக்கம் நல்ல தூக்கம்," என்றான்.

நான் தகாது என்றேன். எத்தனை முறை என்று சார்ஜன் கேட்டார். இரண்டு முறை. மூன்றாவது முறை சொன்னேனா என்பது எனக்கு நிச்சயமில்லை.

அன்றிரவு நானே அணிந்துகொண்டேன். மார்பைச் சுற்றி ஒரு பட்டை, மூக்கில் ஒரு மெல்லிய குழாய், விரலில் ஒரு கிளிப். படம் போட்ட குறிப்புத்தாளை மூன்று முறை படித்து அதில் உள்ள வரிசைப்படியே செய்தேன். காலையில் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். உடன் வந்த படிவத்தில், நோயாளியே கருவியை அணிந்திருந்தார் என்பதற்குச் சாட்சியாக ஒருவர் கையொப்பமிட வேண்டியிருந்தது. நான் கையொப்பமிட்டேன். அது என் கையொப்பம்தான்.

20.6.2024 வியாழக்கிழமை முடிவைக் கேட்கப் போனபோது மகன் என்னையும் அழைத்துச் சென்றான். அங்கே பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் சபீதா என்ற பெண் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் ஒரு கோடு ஏறி இறங்கிப் போய், திடீரென்று தட்டையாகி, மறுபடி ஏறியது. அப்படியே பக்கம் பக்கமாக இருந்தது.

"ஒரு மணி நேரத்துக்கு ஐம்பத்தெட்டு தடவ மூச்சு நின்னுருக்கு அங்கிள். முப்பதுக்கு மேல போனாலே கடுமைன்னு சொல்லுவோம். இரத்தத்துல ஆக்ஸிஜன் அறுபத்தொன்பது சதவீதம் வரைக்கும் எறங்கியிருக்கு, தொண்ணூறுக்குக் கீழ போகக் கூடாது. தொண்டையில தசை தளந்து வழிய அடச்சிருது. மூள பயந்துபோய் எழுப்பும், மூச்சு வரும், திரும்பத் தூங்குவாங்க, திரும்ப அடைக்கும். காலையில அவங்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க அங்கிள், மகனுக்கு வைத்தியம் இருக்கு. வீட்டுல பக்கத்துல படுக்க ஆளு இருந்தா தெரிஞ்சிரும். தனியா படுக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது," என்றார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மகன் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபின் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அலமாக்." அடக் கடவுளே என்பது போன்ற மலாய்ச் சொல் அது. அதன்பின், "நீங்களாப்பா?" என்றான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். படிவத்தில் இருப்பது யாருடைய கையொப்பம் என்று அவன் கேட்டான். நான் காரில் ஏறிக்கொண்டேன்.

கம்பெனி அவனைப் பஸ் ஓட்டுவதிலிருந்து நிறுத்தி, பஸ் கழுவும் வேலைக்கு மாற்றியது. கிளினிக்கில் அவனுக்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். அது மூக்கின் மேல் முகமூடி வைத்து, அழுத்தமான காற்றை உள்ளே செலுத்தி, தொண்டை அடைபடாமல் வைத்திருக்கும். தினமும் எத்தனை மணி நேரம் அணிந்தார், எத்தனை முறை மூச்சு நின்றது என்பதை அதுவே பதிவுசெய்யும். ஒரு மாதத்துக்குமேல் ஒழுங்காக அணிந்த பதிவைக் காட்டினால் மீண்டும் பஸ் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதினார்.

24.6.2024 அன்று மகன் அந்த மெஷினை என் வீட்டு மேசையில் வைத்தான். "உங்களுக்குத்தானே வியாதி? நீங்களே போடுங்க. ரிப்போர்ட்டு உங்களோடது, எனக்கு ஒன்னும் இல்ல," என்றான். தேன்மொழியிடம், மெஷின் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது, பகல் ஓய்வு நேரத்தில் அங்கேயே போட்டுக்கொண்டு தூங்குகிறேன் என்று சொல்லியிருந்தான். அவன் பரிசோதனையே செய்துகொள்ளவில்லை. ஆகவே அவனுக்கு நோய் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இதை நான் அன்றே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது. தோன்றியபின்னும் சொல்லவில்லை.

அன்றிரவு முதல் நான் அதை அணிந்தேன். 28.7.2024 வரை முப்பத்தைந்து இரவுகள். ஓர் இரவும் விடவில்லை. 29.7.2024 அன்று பதிவைப் பார்த்த சபீதா, "சுகுமாறன் மாதிரி ஒழுங்கான ஆள நான் பாத்ததே இல்ல," என்றாராம். சராசரி ஏழு மணி இருபது நிமிடம். மூச்சு நின்றது மணிக்கு மூன்று தடவைக்கும் குறைவு. அதன் பேரில் டாக்டர் சான்று கொடுத்தார். 1.8.2024 முதல் என் மகன் மீண்டும் பஸ் ஓட்டினான்.

இதனால் எனக்கு ஏதும் நன்மை இருந்ததா என்று சார்ஜன் கேட்டார். இருந்தது. பல ஆண்டுகளாக இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவேன். அது ஒன்றாகக் குறைந்தது. காலைத் தலைவலி போயிற்று. நாளிதழின் தலையங்கத்தைக் கண் அசராமல் கடைசி வரி வரை படித்தேன். இவையெல்லாம் வயதினால் வந்தவை என்று நினைத்திருந்தேன். சான்று கிடைத்தபின் மெஷினை நான் மகனிடம் கொடுத்திருக்கலாம். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒருநாள், நீயும் போட்டுப் பார் என்றேன். "மாட்டுக்கு வாய்க்கூடு கட்டுன மாதிரி இருக்கு, நீங்களே வச்சுக்குங்க," என்றான். நான் வற்புறுத்தவில்லை. அதை விட்டுக்கொடுக்க நேருமோ என்ற எண்ணம் எனக்குள் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. 18.8.2024 ஞாயிற்றுக்கிழமை இரவும் அணிந்து நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை 7.40க்குத் தேன்மொழி தொலைபேசியில் அழைத்து விபத்தைச் சொன்னார். மகனுக்கு வலது கை எலும்பு முறிந்திருந்தது. ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த காளியம்மா என்ற தொழிலாளிக்கு, வயது 52, இரண்டு கால்களும் முறிந்தன. மேலும் பதினான்கு பேருக்குச் சிறு காயங்கள். அன்று மாலை, பிரேக் பிடிக்கவில்லை என்று மகன் சொன்னதையும், குணாளனைப் பிடித்துப்போனதையும் தேன்மொழி மூலம் அறிந்தேன். "குணாளன் பொண்டாட்டி எனக்குப் போன் பண்ணி அழுவுறாங்க மாமா. உங்க மகன் வைத்தியம் பாத்து முடிச்சவரு, டாக்டரே சர்ட்டிபிகேட் குடுத்தாரு, தூங்கியிருக்க மாட்டாருன்னு கம்பெனியில சொல்றாங்களாம். நான் என்னத்தச் சொல்ல?"

நேற்று 21.8.2024 பிற்பகல் 2 மணிக்கு நான் மருத்துவமனைக்குச் சென்றேன். வார்டில் மகன் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவன் வளர்ந்தபின் அவன் தூங்குவதை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. குறட்டை நின்றது. மார்பும் வயிறும் அசைந்தன, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்தொரு விநாடிகள். உதடு நிறம் மாறியது. எழுந்து நின்றேன், ஆனால் யாரையும் கூப்பிடவில்லை, ஏனென்று தெரியவில்லை. அதன்பின் உடம்பு தூக்கிப்போட்டு மூச்சு வந்தது. மறுபடி நின்றது. அரை மணி நேரத்தில் பத்தொன்பது முறை எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை. அந்த வழியாக வந்த நர்ஸ் ஒருவர் எதுவும் கேட்காமல் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டுப் போனார்.

மகன் விழித்ததும், பிரேக் உண்மையிலேயே பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "லாரிய நான் பாக்கவே இல்லப்பா. சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்," என்றான். குணாளனைப் பற்றிக் கேட்டேன். "பிரேக்குன்னு சொன்னாத்தான் அந்த மெஷின் ரிப்போர்ட்ட யாரும் நோண்ட மாட்டாங்க. உங்க கையெழுத்தும் அதுலதானே இருக்கு? உங்களுக்காகவும்தான் சொன்னேன்," என்றான்.

போலீஸில் சொல்லப்போகிறேன் என்றேன். அவன், "நீங்களா? காலம் பூரா கோர்ட்டுல அடுத்தவன் சொன்னதத்தான சொன்னீங்க. உங்களுக்குன்னு சொல்ல என்ன இருக்கு?" என்றான். பிறகு அழுதான். "வேணாம்பா" என்று இரண்டு முறை சொன்னான். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

இன்று காலை மெஷினையும், முகமூடியையும், பரிசோதனை அறிக்கையின் நகலையும் கொண்டுவந்து சார்ஜனிடம் ஒப்படைத்தேன். அவற்றில் பதிவாகியிருப்பது என் மூச்சு. என் மகனுடையது அல்ல. கருவியை எனக்கு மீண்டும் அணிவித்துச் சோதித்தால் இது தெரியவரும். என் மகன் உண்மையான பரிசோதனையும் வைத்தியமும் இதுவரை பெறவில்லை. பிரேக்கைப் பற்றி எனக்கு நேரடியாக எதுவும் தெரியாது. மகன் என்னிடம் சொன்னதை மட்டுமே சொன்னேன். அதில் குணாளன் மீது குற்றம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் பதிவுசெய்யலாமா என்று கேட்டேன், சார்ஜன் சரி என்றார். இதன் பிறகு என் மகனை மருத்துவமனையிலிருந்து லாக்கப்புக்குக் கொண்டுவரக்கூடும். அங்கே கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வசதி இருக்காது. அவனை மல்லாக்கப் படுக்கவிட வேண்டாம், இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லவும். காவலில் இருப்பவர் குறட்டை கேட்டால் கவலைப்பட வேண்டாம். குறட்டை நின்றால் போய்ப் பார்க்கவும். தோளைத் தொட்டால் போதும், மூச்சு வந்துவிடும்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு தேதியைத் திருத்தி அதன் ஓரத்தில் கையொப்பமிட்டேன். யாரும் சொல்லிக் கொடுத்தோ, மிரட்டியோ, ஆசை காட்டியோ நான் பேசவில்லை. இதில் உள்ள சொற்கள் என் சொற்கள், இதில் உள்ளது உண்மை.

(ஒப்பம்)
மு. லெட்சுமணன்
22.8.2024, பகல் 12.50

என் முன்னிலையில்,
(ஒப்பம்)
சார்ஜன் ராஜசேகரன்