உள்பக்கத் தாழ்ப்பாள்

என் பெயர் நலியாகா. வயது 31. காலஞ்சென்ற வெகுலோவின் மனைவி. நைவாஷா ஏரிக்கரையில் ஒரு ரோஜாப் பண்ணையின் தொழிலாளர் குடியிருப்பில் 14ஆம் எண் அறையில் வசித்து வருகிறேன். பூக்கட்டும் கூடத்தில் வேலை. நசிமியு என்று ஒரே மகள், வயது ஒன்பது. நான்கு கதவு தள்ளி என் கணவரின் அக்காள் நாஞ்சாலா குடியிருக்கிறார், எண்ணெயில் பொரிக்கும் மாண்டாசிப் பலகாரம் சுட்டு விற்பவர். கணவரை அடக்கம் செய்த அன்றே, பிள்ளையை எங்களிடம் விட்டுவிடு என்று கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது, இரண்டு வருடமாகிறது.

சனிக்கிழமை பள்ளி கிடையாது, எனக்கு வேலை உண்டு. ஆகவே ஒரு வருடமாகச் சனிதோறும் மகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிப் போய் வந்தேன். இவ்வருடம் பிப்ரவரி எட்டாம் தேதி அவள் தேநீர் வைக்க மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்ததில் திரைத்துணி தீப்பிடித்தது. நாஞ்சாலா கல்லால் பூட்டை உடைத்து அவளைத் தூக்கி வந்தார். அதன் பிறகு குழந்தை நல அதிகாரி அவளைக் காப்பகத்தில் சேர்த்தார். அதன் பிறகு நாஞ்சாலா, பிள்ளை தன்னிடமே இருக்க வேண்டுமென்று மனுப் போட்டார். நீதிபதி எங்கள் இருவரையும் சமரசத்துக்கு அனுப்பினார்.

சமரசர் செபெட் அம்மா, அங்கே பேசுவது அங்கேயே இருக்கும், கோர்ட்டில் சொல்லவேண்டியதில்லை என்றார். நானும் நாத்தனாரும் சம்மதித்தே இதைக் கோர்ட்டுக்குச் சொல்கிறோம். முதல் நாள் நான் கத்தினேன். "எம் பூட்டை ஒடைக்க நீ யாரு?"

"ஒடைக்கலேன்னா இன்னிக்கு ரெண்டு பேரும் ஒப்பாரிதான் வெச்சிட்டிருப்போம், வாயாடி!" என்றார் அவர்.

செபெட் அம்மா, "பூட்டினது யாருக்குப் பயந்து?" என்று கேட்டார். திருடனுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இவருக்குப் பயந்துதான், தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று, எனச் சொன்னேன். நாத்தனார் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். அதன் பிறகு, "ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒங்க வாசல்லதான்டி ஒக்காந்திருந்தேன். அவ தனியாப் பயப்படுவாளேன்னு கதவடியில மாண்டாசி தள்ளி விட்டுப் பேசிட்டிருப்பேன்" என்றார். மகளின் நோட்டில் எண்ணெய்க்கறை கண்டு நான் அடித்தது ஞாபகம் வந்தது. அவள் காட்டிக்கொடுக்கவே இல்லை. பாவி நான், அங்கேயே அழுதுவிட்டேன்.

இரண்டாம் அமர்வில் முடிவானது: மகள் என்னோடு இருப்பாள், சனிக்கிழமை அத்தையோடு, மனு வாபஸ், ஆறு மாதம் அதிகாரி வந்து பார்ப்பார். மகளிடம் அதிகாரி தனியாகக் கேட்டதற்கு அவள் சொன்னது ஒன்றுதான், தாழ்ப்பாள் உள்பக்கம் வேண்டும். நானே ஆணியடித்துப் பொருத்தினேன்.

போன சனிக்கிழமை ஒத்திகையாகக் காப்பகத்திலிருந்து ஒரு நாள் மட்டும் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்து வந்து என் வீட்டுக் கதவை நானே தட்டினேன். "யாரு?" என்றாள். "அம்மாதான்டி." "எந்த அம்மா?" உள்ளே நாத்தனார் சிரிப்பது கேட்டது. "அண்ணி, தொறக்கச் சொல்லுங்க" என்றேன். "அவ வீடு, அவ தாழ்ப்பாள், நான் எப்படிச் சொல்றது?" என்றார். ஒரு வருடமாக அவர் உட்கார்ந்திருந்த படியிலேயே உட்கார்ந்தேன். மகள் தானாகத் திறந்தாள்.

இந்த ஒப்பந்தத்தையே உத்தரவாக்கி மகளை அனுப்பித்தரக் கேட்டுக்கொள்கிறேன். வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, பொய் ஒன்றும் கலக்கவில்லை.

(ஒப்பம்) நலியாகா
உடனிருந்தவர்: நாஞ்சாலா, இடது பெருவிரல் ரேகை