அண்ணனுக்கு மீசை வேணுமா, வேண்டாமா

எங்க போடணும், இங்கயா? போட்டுடலாம் வக்கீல் தம்பி, என் பேனாவத் தேடி எடுக்கணும். உங்களோடதா? வேணாம், அடுத்தவங்க பேனாவுல போட்டா என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாது. மொதல்ல காபியக் குடிங்க. போன் செத்துக் கெடக்கா? குடுங்க, உள்ள சார்ஜ்ல போடுறேன். மூணு மணிக்குள்ள வாபஸ் குடுக்கணும், அவ்வளவுதானே? சுவத்துல கடிகாரம் தொங்குது பாருங்க, நேரம் கெடக்கு. தேர்தல் ஆபீஸ் பக்கத்துத் தெருதானே.

எனக்கு இது என்ன புதுசா? ஒவ்வொரு தேர்தலுக்கும் உங்க அண்ணன், அதான் என் வீட்டுக்காரரு, மனு குடுப்பாரு. ஏதாவது ஓட்டைன்னு அதத் தள்ளிட்டா ஆளு வேணுமேன்னு, சுயேச்சையா என் பேருலயும் ஒண்ணு குடுக்க வைப்பாரு. அவரோடது பாஸானதும் என்னோடது வாபஸ். ஸ்டெப்னி டயருக்கு என்ன மரியாதையோ அதுதான் எனக்கு.

இந்தத் தடவ புதுசுன்னா அந்த லேப்டாப்காரருதான். ஆன்லைன் சர்வே எடுத்து ஊரு மனசயே படிச்சுருவாராம். மொதக் கேள்வி ஞாபகம் இருக்கா? அண்ணன்கிட்ட உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது நேர்மையா, உழைப்பா, எளிமையா, எல்லாமேவா? ஒண்ணத் தொடாம அடுத்த கேள்விக்கே போக முடியாது. எதிர்வீட்டு டெய்லரு என்கிட்டயே வந்து, பிடிக்கலைங்கறதுக்கு எதம்மா அமுக்கணும்னு கேக்குறாரு! அதயும் யாருக்கு அனுப்புனாங்க? நம்ம கட்சிக்காரங்க குரூப்புக்கு. கையில கரண்டியோட பக்கத்துல நின்னுக்கிட்டு, சாப்பாடு எப்படின்னு கேட்டா எவன் நல்லா இல்லன்னு சொல்லுவான்? என் கொழுந்தனாரு வீட்ல இருந்த அத்தன போன்லயும் தட்டித் தள்ளுனாரு, சமையல்காரம்மா போனக்கூட விடல. தொண்ணூறு சதவீதம் வராம என்ன செய்யும்?

பாத்து, காபி சிந்துது. சிரிப்பு வருதுல்ல? கூட இருந்து பாக்குற எனக்கு எப்படி இருக்கும்!

மீசை வேணாம்னு சர்வே சொல்லுச்சு, எடுத்துட்டாரு. மறுவாரமே மீசைதான் கம்பீரம்னு சொல்லுச்சு. மீசை என்ன குழாயா, தெறந்தா வர்றதுக்கு? மளிகைக் கடைக்காரரு பாத்துட்டு, அண்ணன் வரலையா, தம்பிய அனுப்பிட்டாரான்னு கேட்டாராம். அப்புறம் கண்ணாடி. போட்டா வயசு தெரியுதாம். கழட்டி டிராயர்ல போட்டாரு. அன்னிக்குச் சாயந்தரமே துணிக்கடை வாசல்ல நின்ன பொம்மையக் கும்பிட்டு, மறக்காம ஓட்டுப் போடுங்கம்மான்னு சொல்லிட்டு வந்தாரு. நீங்களும் கூடத்தானே இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன தம்பி?

கண்ணாடி போச்சா, ரிப்போர்ட்ட யாரு வாசிக்கிறது? நான்தான். தினமும் ராத்திரி சோத்தப் போட்டுட்டு எதுக்க உக்காந்து வாசிப்பேன். அப்பத்தான் என்னப் பத்தின கேள்வியும் வந்துச்சு. வேட்பாளர் மனைவி மேடையில சிரிக்கலாமா, கும்பிடலாமா, பேசலாமா, வராமலே இருக்கலாமா? வராமலே இருக்கலாம்தான் ஜெயிச்சுது. வாசிக்கிறேன், அவரு சாப்பிட்டுக்கிட்டே, சரி, அப்ப நீ வீட்லயே இருன்னுட்டாரு. நிமிர்ந்துகூடப் பாக்கல. இருவத்தாறு வருசம் தம்பி. நான் பக்கத்தத் திருப்புனேன்.

ஆனா கடைசிப் பக்கம்னு ஒண்ணு இருந்துச்சு. தேர்வு பண்றது இல்ல, மனசுல பட்டத நீங்களே எழுதுங்கன்னு ஒரு கட்டம். லேப்டாப்காரரு எப்படியோ அத மட்டும் அடைக்க மறந்துட்டாரு. கட்சிக்காரங்க வீட்டுப் பொம்பளைங்க போன வாங்கி எழுதிருக்காங்க. தண்ணி வரலன்னு போன் பண்ணா அக்காதான் எடுக்குறாங்க, அக்காதான் ஆள அனுப்புறாங்க. பள்ளிக்கூடத்துல சீட்டுன்னு போனா அக்காதான் பேசுறாங்க. அண்ணன் எதுக்கு, அக்காவே நிக்கட்டுமே. ஒருத்தர் ரெண்டு பேரில்ல தம்பி, பக்கம் பக்கமா. அவரு போன எடுக்குறது நான்தானே, ஊருக்குத் தெரியாதா?

அத வாசிச்சுக் காட்டுனனான்னா? வாசிக்கலாம்னுதான் இருந்தேன். சரியா அந்த எடத்துல எனக்கு இருமல் வந்துருச்சு.

ஏன் எந்திரிக்கிறீங்க? இன்னும் அரைமணி இருக்கா? ஓ, அந்தக் கடிகாரத்த நம்பியா உக்காந்திருக்கீங்க! காலையில தூசி தட்டும்போது நான்தான் முள்ள ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சேன். மூணு அடிச்சு ரொம்ப நேரமாச்சு. இந்தாங்க உங்க போன், நல்லா ஏறிடுச்சு. உங்க அண்ணன் விடாம கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு பாவம்.

அவருகிட்ட என்ன சொல்றதுன்னா கேக்குறீங்க? ஓட்டுப் போடுற அன்னிக்கு மட்டும் கண்ணாடியப் போட்டுக்கச் சொல்லுங்க, டிராயர்லதான் இருக்கு. ஓட்டு மெஷின்ல என் பேரும் இருக்கும்ல, தடுமாறி எனக்குப் போட்டுடப் போறாரு.