புல்டோசரை நிறுத்தியவர்

— ஒரு கையெழுத்துத்தானே, அருந்தவன். இந்தக் கடதாசியில நீங்கள் சைன் வைக்காட்டில் உங்கட முகத்தைப் படத்தில காட்டேலாது.

— காட்டாதேயும், தர்சி. வெட்டிவிடும்.

— வெட்டவோ? படத்தின்ர உயிரே அந்த சீன்தான். தங்கட ஆத்தங்கரைக் காணியை விடமாட்டம் எண்டு பூர்வகுடிச் சனம் நாப்பது நாள் கூடாரம் அடிச்சு இருந்தவை. கேற்றடிக்குப் புல்டோசர் வருது. அதுக்கு முன்னால கதிரையில ஒரு மனுசன் அசையாமல் இருக்கிறார். ஆரெண்டு பார்த்தால் என்ர புருசன்.

— சும்மா கதை விடாதேயும், நீர் வீட்டில மறந்துவிட்ட கமெரா பற்றரியைக் கொண்டுவந்தனான். அந்தச் சனத்துக்கு மூத்தவ மேவிஸ் அன்ரி, அந்த வயசில வெயிலுக்க நிண்டா. கதிரையை விரிச்சுக் குடுத்தன். அவ என்னைத்தான் இருக்கச் சொன்னவ, இருந்தன். அந்தக் காம்பிங் கதிரையில இருந்தால் ஆரும் கை தராமல் எழும்பேலுமோ?

— அப்ப எழும்பி ஓடப் பார்த்தனீங்களோ?

— மூண்டு தரம்.

— கமெராவில அது முன்னுக்குப் பாயப் போற மாதிரி இருக்கு. நல்ல வீரம்.

— அதுதான் வெட்டச் சொல்லுறன்.

— ஒஃபிஸுக்குக் காய்ச்சல் எண்டு லீவு போட்டிட்டு வந்த பயம் உங்களுக்கு.

— அதை மனேஜரிட்டச் சொல்லிட்டன். மனுசன் சிரிச்சுப்போட்டு விட்டிட்டார்.

— பிறகென்ன?

— படத்தைப் பார்த்தால் எனக்குப் பயந்து மெஷின் நிண்ட மாதிரியெல்லோ கிடக்கு. எனக்குப் பின்னால ஒரு நீலச் சட்டை மங்கலாத் தெரியுது, கவனிச்சனீரோ?

— மேவிஸ் அன்ரி. நான் ஃபோகஸை உங்களில வச்சிட்டன்.

— அதில சத்தத்தையும் எடுத்துப்போட்டு மியூசிக் போட்டிருக்கிறீர்.

— எஞ்சின் இரைச்சல்தானே.

— மைக்கை அன்ரியின்ர கொலரிலதானே குத்தினனீர்? அதைப் போட்டுக் கேளும். அவ ட்ரைவரோட கதைச்சவ.

— நான் தூர நிண்டனான், எனக்கு ஒண்டும் கேக்கேல்ல. அவனை ஏசினவவோ?

— ஏசேல்ல. கையை ஆட்டிக் கூப்பிட்டா. 'தம்பி, காலமை தொடக்கம் வெயிலுக்க நிக்கிறாய், வந்து தேத்தண்ணி குடி' எண்டா.

— அவன்?

— எஞ்சினை நிப்பாட்டினான். இறங்கி, தொப்பியைக் கழட்டிக்கொண்டு கேற்றடியில நிண்டு, 'உள்ள வரலாமோ, அன்ரி?' எண்டு அவவிட்டக் கேட்டவன்.